விடிந்தால் ராத்திரி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை எனக்கு அவ்வளவாக வராது. வேலை பார்த்த காலத்தில் என்னைச் சிடுமூஞ்சி சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொல்வார்கள். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை. கேள்வி கேட்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கொஞ்சம் முன்னால் பெண்கள் வார்டு வழியாகத்தான் வந்தேன். உங்களில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், புதிதாக வந்த நோயாளியிடம் "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, குடி இருக்கா" என்று பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வது மாதிரி ஒரே மூச்சில் கேட்டாள். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் மூன்றுக்கும் இல்லை என்று குறித்தாகிவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் நினைத்துக்கொண்டேன், இவள் கேட்கவாவது செய்கிறாள். எங்கள் காலத்தில் அந்த மூன்றாவது கேள்வியைப் பெண்களிடம் கேட்கவே மாட்டோம். அதனால் ஒருத்தி சாகக் கிடந்தாள்.

எழுபதுகளில் நடந்தது. செங்கல்பட்டில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் சாராயக் கடைகளைத் திறந்தார்கள், சில வருஷத்தில் திரும்பவும் மூடினார்கள். நான் சொல்வது மூடிய பிறகு. கடை மூடியதே தவிர யாருடைய வாயும் மூடவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் முழுக்கச் சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் சாராய ஊறல் போடுவதும் காய்ச்சுவதும். பிடிபட்டால் காய்ச்சினவன் மட்டுமல்ல, குடித்தவனும் உள்ளே போக வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியில் குடியைப் பற்றிக் கேட்டால் நோயாளிக்கு டாக்டர் கண்ணுக்குத் தெரிய மாட்டார், போலீஸ்காரர்தான் தெரிவார்.

எனக்கும் குடிக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒன்றும் கிடையாது. என் அத்தாவுக்கு, உங்கள் பேச்சில் அப்பாவுக்கு, மதுராந்தகம் பஜாரில் ஜவுளிக் கடை. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அந்த வாடை வந்து நான் அறிந்ததில்லை. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் முதல் வேலையாக ஆண்கள் வார்டில் போட்டார்கள். எடுத்த எடுப்பில் அருவருப்பாக இருந்தது. போகப் போக அந்த மனிதர்களின் உடம்பு எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. கை ஒடிந்தோ குடல் இறங்கியோ வந்து படுப்பார்கள். முதல் நாள் சாது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் ஒரு மாதிரி நெளிவார்கள், வாசலைப் பார்ப்பார்கள். தினமும் அந்த நேரத்துக்கு ஊற்றிப் பழக்கிய உடம்பு, கடிகாரம் பார்க்காமலே நேரத்தைச் சொல்லும். ஊற்றாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள். சிலருக்கு வலிப்பு வரும். ஒருவர் என் கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஆண்கள் வார்டில் யார் படுத்தாலும் "சாயங்காலத்துல போடுவீங்களா?" என்று காதோடு கேட்டுவிடுவேன்.

பெண்கள் வார்டில் இந்தக் கேள்விக்கு வேறு உருவம். அங்கே "குடி உண்டா?" என்று கேட்டால் "வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்று அர்த்தம். அடித்தது யார், மருந்துக்குக் காசு வருமா வராதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அவளைப் பற்றிய கேள்வியாக அதை யாரும் நினைத்ததே இல்லை, நான் உட்பட.

ஒரு நாள் காலையில் பெண்கள் வார்டு சிஸ்டர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனார். அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள். உள்ளே நுழையும்போதே ஜன்னலோரக் கட்டிலில் ஒரே அமளி. சின்ன உடம்புக்காரி ஒருத்தி, எடை கட்டித் தொங்கவிட்ட காலை உதறிக்கொண்டு இறங்கப் பார்க்கிறாள். வார்டு ஆயா அவள் தோளை அமுக்கிப் பிடித்திருக்கிறாள்.

"இன்னாம்மா நீயாச்சும் வந்தியே," என்றாள் ஆயா. "ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிகினு கெடந்துது. விடிஞ்சதுலேந்து இந்தப் பேஜாரு. நேத்து காலைலயே டீ தம்ளரு புடிக்க முடியல, கை அப்டி ஆடுது. வலின்னு நெனச்சேன்."

அவள் பெயர் காசியம்மாள். கடற்கரையில் ஒரு பெரிய கட்டட வேலையில் சித்தாள். வெயிலில் கான்கிரீட் போட்டால் வெடித்துவிடும் என்று அங்கே ராத்திரியில்தான் போடுவார்கள். அவளும் புருஷன் ஏழுமலையும் ஜோடியாகக் கான்கிரீட் சட்டி தூக்குகிறவர்கள். இரண்டு நாள் முன்பு வேலை முடிகிற விடியற்காலையில், சாரத்துப் பலகையில் தடுமாறி விழுந்திருக்கிறாள். தொடை எலும்பு முறிவு, நெற்றியில் ஒரு சிராய்ப்பு. லாரியில் போட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்ததிலிருந்து நேற்று வரை தெளிவாகத்தான் பேசினாளாம்.

இப்போது தெளிவு இல்லை. போர்வையில் இருந்து எதையோ பொறுக்கி எடுத்துக் கீழே போட்டாள். "எறும்பு, எறும்பு," என்றாள். உடனே "சட்டி வருது, புடி புடி," என்று இரண்டு கையையும் நீட்டினாள். அந்தக் கைகள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வேர்வை காதோரம் வழிந்துகொண்டிருந்தது. ஆண்கள் வார்டில் அத்தனை தடவை பார்த்ததை இங்கே, ஒரு பெண் கட்டிலில், விடிந்தபின் பார்க்கிறேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

டாக்டர் வந்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு எலும்பு, பிரசவம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். தெற்கத்திக்காரர், கோபக்காரர், ஆனால் நோயாளியை விட்டு நகராதவர். காசியம்மாளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நெற்றிச் சிராய்ப்பைத் தொட்டார். அவர் முகம் கறுத்தது.

"தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. பட்டணத்துக்கு அனுப்பித் திறக்கணும். வேன் எங்க?"

வேன் வேடந்தாங்கல் பக்கம் ஒரு பிரசவக் கேஸைக் கூட்டிவரப் போயிருந்தது. திரும்பியதும் இவளை ஏற்றச் சொன்னார்.

அவரை யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம். ஆனாலும் சொல்லிவிட்டேன். "டாக்டர், ஆம்பளைங்க வார்டுல குடி விட்டவங்க இப்படித்தான் பண்ணுவாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பொம்பளைக்கா? உங்க வீட்டுல எவனாவது குடிச்சு நீ பார்த்திருக்கியா?"

"வீட்டுல பார்த்ததில்ல. உங்க வார்டுல தினம் பார்த்தேன்."

"கொண்டுவந்தப்ப நானே மோந்து பார்த்தேன், வாடையே இல்லை. போலீஸுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடிச்சாலே ஊரைக் கூட்டுற நாத்தம் அது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கும் ஆளுக்குத் தூக்க ஊசி போட்டால் மூச்சே அடங்கிப்போகும். குடி விட்டதால் வந்த நடுக்கமென்றால் தூக்க ஊசி போட்டே தீர வேண்டும். போடாமல் விட்டால் வலிப்பு வந்து, ஜுரம் ஏறி, இதயம் நின்றுவிடும். ஒருத்திக்கு மருந்தாக இருப்பது இன்னொருத்திக்கு விஷம். வேனில் ஏற்றிப் பட்டணத்துக்குப் போகும் வழியில், கூடுவாஞ்சேரிப் பக்கம் வலிப்பு வந்தால் அங்கே யார் என்ன செய்ய முடியும்? இரண்டில் எது என்று யாராவது இப்போதே சொல்லியாக வேண்டும். ரத்தத்தைச் சோதித்துச் சொல்கிற வசதியோ தலைக்குள் பார்க்கிற மெஷினோ எங்களிடம் கிடையாது.

டாக்டரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அவ குடிச்சதைப் பக்கத்துல இருந்து பார்த்த ஒரு ஆள் எனக்கு வேணும். வேன் வர்றதுக்குள்ள கொண்டு வா. இல்லேன்னா ஏத்திடுவேன்."

வராந்தாவுக்கு ஓடினேன். ஏழுமலை தூண் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வாட்டசாட்டமான ஆள். அவனுக்கு எதிரே பெஞ்சில் ஒரு கான்ஸ்டபிள். விபத்துக் கேஸ் என்பதால் வந்த அன்றே காசியம்மாளை விசாரித்துவிட்டு, புருஷனிடம் வாக்குமூலம் வாங்க அன்று காலையில் திரும்ப வந்திருந்தார். எனக்கு அவரை அப்புறப்படுத்த நேரமில்லை. ஏழுமலையின் பக்கத்தில் குனிந்து மெதுவாகத்தான் கேட்டேன், காசியம்மாள் குடிப்பாளா என்று. மெதுவாகக் கேட்டும் கான்ஸ்டபிள் தலையை நிமிர்த்தினார்.

ஏழுமலை எழுந்தே நின்றுவிட்டான். "ஐய, இன்னா சிஸ்டரம்மா இப்டி கேக்கறே? அவ அந்த மாதிரி பொம்பள இல்ல."

"தப்பா சொல்லலப்பா. ராத்திரியில, உடம்பு வலிக்கு, கொஞ்சமா..."

"ராத்திரியிலயா? ராத்திரி பூரா சட்டி தூக்கிகினு கீறோம். மேஸ்திரி மேல நின்னுகினு கத்திகினு இருப்பான். அப்ப எப்டிம்மா குடிக்கிறது? என் புள்ளை மேல சத்தியமா சொல்றேன், ராத்திரில அவ ஒரு சொட்டு தொட்டதில்ல."

அவன் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிற கண் இல்லை. டாக்டர் சொன்னதுதான் சரியோ, நான் என்ன, அரைகுறையாக எதையோ பார்த்துவிட்டு ஒரு உயிரோடு விளையாடுகிறேனோ என்று பட்டது. பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து காசியம்மாளின் அலறல் கேட்டது. ஏழுமலை சட்டென்று வாசலைப் பார்த்தான்.

"வா உள்ள," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

கான்ஸ்டபிளும் எழுந்தார். நான் வாசலை மறித்துக்கொண்டேன். "பெண்கள் வார்டுங்க. ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது."

"அப்ப அவன் யாரும்மா?"

"அவர் புருஷன். நீங்க யாரு?"

கதவைச் சாத்தினேன். அன்று எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. அத்தா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

கட்டிலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஏழுமலையைப் பார்த்ததும் காசியம்மாள் அலறலை நிறுத்தினாள். அவன் முகம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலைக் காட்டினாள்.

"யோவ், விடிஞ்சி எம்மா நேரமாவுது. கொண்டாந்தியா?"

அவன் கட்டில் ஓரமாக வந்து நின்றான்.

"கொண்டாய்யா. தூங்கணும். கண்ணு எரியுதுய்யா."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்டது தப்பான கேள்வி. அவன் சொன்னது முழு உண்மை. நமக்கெல்லாம் இருட்டினால் ராத்திரி. இவர்களுக்கு விடிந்தால்தான் ராத்திரி. எல்லா உடம்பும் அசந்துபோகிற விடியற்காலையில்தான் அவள் விழுந்திருக்கிறாள். அது அவளுக்கு வேலை நேரத்தின் கடைசி. வீடு போய்ச் சேர்ந்து குடிப்பதற்கு முன்னால் விழுந்தவளிடம் வாடை எங்கிருந்து வரும்?

குரலைத் தாழ்த்தினேன். குடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஏழுமலை, வேலை விட்டு வந்தா எப்படித் தூங்குவீங்க?"

அவன் கதவைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் கான்ஸ்டபிளின் பூட்ஸ் சத்தம். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தான். போர்வையில் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் உடைந்துபோனான்.

"எங்கம்மா தூங்கறது? கடலோரத்துல தகரக் கொட்டா. வெயிலு ஏறுச்சின்னா அடுப்பு மேல படுத்தா மாரி கீது. கண்ணெ மூடினா தூக்கம் வராது, தூங்கலன்னா ராத்திரி பலகை மேல நடக்க முடியாது. நான் தாம்மா ஊத்திக் குட்தேன். தோப்புலேந்து வாங்கியாந்து, வேலை வுட்டு வந்த வொடனே. எனக்கு ஒரு கிளாசு, அவளுக்கு ஒரு கிளாசு. அப்பால ரெண்டு ரெண்டு. இந்த நைட்டு வேல ஆரம்பிச்சதுலேந்து ஒரு நாளு வுட்டதில்ல."

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவா?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "பின்ன? என்கூட சரிசமமா சட்டி தூக்கறா. அதுல மட்டும் கொறச்சி ஊத்தினா நாயமா?"

பிள்ளைகளே, இந்தப் பதிலை நான் இன்று வரை மறக்கவில்லை. பெண்டாட்டியை அடித்த புருஷன்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இவன் பாசத்தில், நியாயம் பார்த்து, சரிபாதியாகப் பங்கு போட்டு அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை, பரிதாபப்படவும் நேரமில்லை.

எங்கள் பின்னால் டாக்டர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"கையை நீட்டுப்பா," என்றார் ஏழுமலையிடம். நீட்டினான். லேசாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான். "நீயும் இங்க வந்ததுலேர்ந்து குடிக்கலையா?"

"இவள வுட்டு எங்க போறது? தலெ வலிக்குது, தூக்கம் வர்ல. வேற ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அதே சரக்கு, அதே அளவு, அதே நேரம். இவன் கல்லு மாதிரி நிக்கிறான். அப்ப இவளுக்கு மட்டும் ஏன்?"

அதற்கு எனக்குப் பதில் தெரியாது. நான் சேகரித்துக் கொண்டுவந்த ஒரே சாட்சியே எனக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது மாதிரி இருந்தது. வெளியே வேன் உள்ளே வரும் சத்தம் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஆயா ஸ்ட்ரெச்சரை எடுக்கப் போனாள்.

டாக்டர் நகரவில்லை. ஏழுமலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். காசியம்மாளைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தார். அவருடைய விரல் அதைச் சுற்றி வளைத்து மிச்சமும் இருந்தது. அவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர் மாதிரி சொன்னார்.

"ஆள் பாதி. அதுலயும் பொம்பளை உடம்பு. ஆம்பளை உடம்புல இருக்கிற தண்ணி இதுல இல்லை. குடத்துல கரைக்கிற உப்பைச் சொம்புல கரைச்சிருக்கான். அவனுக்கு ரெண்டு கிளாஸ்னா இவளுக்கு அது எத்தனையோ." ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "ஸ்ட்ரெச்சரை வை கீழ. ஊசி எடு."

எடுத்தேன். "டாக்டர், நான் சொன்னது தப்பா இருந்தா?"

"நீ சொன்னே. போடுறது நான். தப்பா இருந்தா என் தப்பு. அவ கையை அசையாமப் பிடி."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய மிச்சக் கோபத்தையெல்லாம் நான் ஆயுசுக்கும் மன்னித்துவிட்டேன். உங்களுக்குக் கீழே ஒரு நாள் ஆட்கள் வேலை செய்வார்கள். அப்போது அவர்களிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல நாக்கு வருகிறதா என்று பாருங்கள்.

முதலில் வைட்டமின் ஊசி, அப்புறம் தூக்க ஊசி. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அதிகமாக உதறினாள். கட்டிலே ஆடியது. ஒரு பக்கமாக வாய் இழுத்துக்கொண்டபோது வலிப்புதான் என்று நினைத்து நான் யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மிஷன் ஆஸ்பத்திரி என்பதெல்லாம் மறந்துபோனது. டாக்டர் இன்னொரு தடவை மருந்தை ஏற்றினார். இதற்கு மேல் போடவும் முடியாது, போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலையே இல்லை. ஏழுமலை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

உதறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கண் செருகியது. தூங்கினாள். தூங்கியதும் எங்களுக்குப் பயம் இரண்டு மடங்கானது. இது தூக்கமா, போய்க்கொண்டிருக்கிறாளா? டாக்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு வந்ததைத் திருப்பி அனுப்பினார். நான் அவளுடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்குமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது. கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்தால் இரண்டு கண் பாப்பாவும் ஒன்றுபோலச் சுருங்கின; தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தால் ஒன்று விரிந்தே நிற்கும். சுருங்கச் சுருங்க எனக்கு உயிர் வந்தது.

"கிள்ளிப் பாரு," என்றார் டாக்டர், வெயில் சாய்ந்த பிறகு.

தோளில் கிள்ளினேன். அசைவில்லை. அழுத்திக் கிள்ளினேன். காசியம்மாள் கண்ணைத் திறக்காமலே என்னை ஒரு வார்த்தை சொல்லித் திட்டினாள். இங்கே சொல்ல முடியாத வார்த்தை. என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை, நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஏழுமலை மட்டும் தரையில் உட்கார்ந்தபடி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான்.

கான்ஸ்டபிள் போகாமல் வாசலிலேயே இருந்தார். கதவு சாத்தியிருந்தாலும் அவருக்கு அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. "டாக்டர், குடி கேஸா இது?" என்று கேட்டார்.

"விழுந்தப்ப குடிச்சிருந்தாளான்னு கேட்டீங்க. இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன். அது அன்னிக்கும் உண்மை, இன்னிக்கும் உண்மை. வேற என்ன வேணும்?"

கான்ஸ்டபிள் ஏழுமலையை ஒரு தடவை பார்த்தார். அவன் எழுந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, "இட்டுகினு போறதுன்னா போ நைனா. அவ எய்ந்துகினா எனக்கு அது போதும்," என்றான். கான்ஸ்டபிள் என்ன நினைத்தாரோ, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு பல நாள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே நான் போய் எட்டிப் பார்ப்பேன்.

காசியம்மாள் தேற நாளாயிற்று. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து தானே கஞ்சி குடிக்கிற அளவுக்கு வந்த பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். கை நடுக்கம் நின்றிருந்தது. கண்ணில் அறிவு பளிச்சென்று இருந்தது. நான் காப்பாற்றினேன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"எங்கூட்டுக்காரர உள்ள இட்டாந்து கேட்டியாமே சிஸ்டரு?"

"ஆமா. கேட்டதாலதான் நீ பொழைச்சே."

"நான் குடிக்கறத அவர எதுக்குக் கேட்டே?"

"நீ நெனப்பில்லாம கெடந்தியேம்மா."

"அன்னிக்கி கெடந்தேன். வந்தன்னிக்கி? மறுநாளு? காலு தானே ஒட்ஞ்சிது, வாயா ஒட்ஞ்சிது?" குரலை உயர்த்தவே இல்லை. "டாக்டரு வந்தாரு. அந்த வேற சிஸ்டரு வந்தாங்க. போலீசுகாரரு வந்தாரு. எல்லாரும் என் தலமாட்டுல நின்னுகினு, அவரு குடிப்பாரா, அவரு அடிப்பாரா, அவரு இன்னா வேலன்னு கேட்டாங்க. நீ இன்னா துன்றே, எப்ப தூங்கறே, இன்னா குடிக்கறேன்னு என்ன ஒர்த்தரும் கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. நர்ஸ் இல்லையா, தோற்றுப்போக மனசு வரவில்லை. "கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பியா? போலீசு பயம் இல்லியா உனக்கு?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுப் பாத்தியா?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காதபடி திரையை இழுத்துவிட்டேன். பிறகு, அவளிடம், அவளைப் பற்றி, முதல் கேள்வியைக் கேட்டேன்.